கொள்கலமும் திரவ அமுக்கமும்

மட்டக்களப்பு நாட்டிலே வெயிலிற் களைத்து வந்தவர்க்கு இளநீர் வெட்டிக் கொடுப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். கத்தியின் நுனி ஓட்டைத் துளைத்த அக்கணமே நீர் சீறி எழுந்து முகத்திலே தெறிப்பதைக் கண்டிராதார் இலர். அந்நீரைச் சீற வைத்தது யாது? இளங்காயின் உள்ளே நீர் வெறுமனே நிறைந்திருக்கவில்லை, அமுக்கத்தோடு நிற்கிறது. தாவரக் கலங்கள் விரிந்து வளர்வதற்கு அவற்றினுள்ளே நிற்கும் நீரின் அமுக்கமே ஏது என்பது தாவரவியலார் துணிபு. இயற்கை அன்னையின் தொழிற்சாலையிலே கொள்கலத்தைச் செய்வது ஒரு தொழில், அதனை நிரப்புவது வேறொரு தொழில் என்ற பிரிவு இல்லை. கொள்பொருளே கொள்கலத்தை விரித்து வடிவாக்குகிறது.

மனிதனோ நெடுங்காலமாக இவ்விரண்டையும் பிரித்தே செய்து வந்தான். குயவன் சட்டியை வனைந்து சூளையிலிட்டுச் சுட்டபின்னரே எருமைத் தயிர் அதிற் புகும். கண்ணாடி ஊதுவோன் தன் மூச்சினாற் குப்பியை உருவாக்கி ஆறவைத்த பின்னரே அதில் எண்ணெயோ மதுவோ வார்க்கப்படும். இன்று கரடியனாற்றுக் கடையிலும் கொழும்பு நகரத்துக் கடையிலும் ஒருங்கே காணப்படும் பிளாத்திக்குப் போத்தலும் பெரும்பாலும் அவ்வாறே முதலிற் காற்றினால் ஊதப்பட்டு, பின்னரே நீரால் நிரப்பப்படுகின்றது. ஆயினும் இந்நூற்றாண்டிலே பொறியியலார் சிலர் இளநீரின் வழிக்கே திரும்பியுள்ளனர். போத்தலினுள்ளே அடைக்கப்பட வேண்டிய திரவத்தைக் கொண்டே போத்தலை உருவாக்கும் முறையொன்றை அவர்கள் வகுத்துள்ளனர். அம்முறையின் உயிர்நிலை திரவ அமுக்கத்தை அடக்கி ஆள்வதிலே உள்ளது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளம் கற்பிக்கும் பாடம்

செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் வீதியிலே அமைந்தது கரடியனாறு. அதனைச் சூழ்ந்த வயல் நிலங்களுக்கு உயிரளிப்பவை குளங்களே. உறுகாமக் குளமும் உன்னிச்சைக் குளமும் அப்பகுதியார் நன்கறிந்தவை. குளக்கட்டு அடியில் அகன்றும் முடியில் ஒடுங்கியும் இருப்பதன் காரணம், ஆழம் பெருகப் பெருக நீரின் அமுக்கமும் பெருகுவதாகும். ஏறத்தாழ 10 மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அமுக்கம் என்பது மாணவர் மனத்திற் கொள்ளத்தக்க கணக்கு.

குளத்தில் நீரைத் தேக்கி வைப்பது ஒரு கலை. தேக்கிய நீரை வெளியே விடுவது அதனினும் அரிய கலை. உயரத்திலிருந்து அமுக்கத்தோடு பாயும் நீர் தான் செல்லும் வாய்க்காலையும் குளக்கட்டையும் அரித்துச் செல்லும் இயல்பினது. இதனை அறிந்த பண்டை இலங்கைப் பொறியியலார் குளக்கட்டினுள்ளே கல்லினாற் சதுரக் கிணறொன்றை அமைத்து, உள்வரும் நீரை அதிலே தாமதிக்கச் செய்து, பின்னரே வெளியேற விட்டனர். சிங்கள மொழியிலே இது ‘பிசோகொட்டுவ’ எனப்படும். நீர்ப்பாசனப் பொறியியலாளராக இலங்கையிற் பணியாற்றிய என்றி பாக்கர் என்பார், 1909ஆம் ஆண்டு வெளிவந்த தம் ஆராய்ச்சி நூலில், இக்கிணறுகள் ஐரோப்பியர் பிற்காலத்திற் கட்டிய வால்வுக் கோபுரங்களுக்கு முன்னோடியானவை எனப் பாராட்டியுள்ளார். துருசின் கதவு சிறிது சிறிதாகவே திறக்கப்படுவதன் கருத்தும் இதுவே. அமுக்கத்தை உண்டாக்குதல் எளிது. அதனை உரிய வேளையிற் தணித்தலே அரிது. இப்பாடத்தை மனத்திற் கொண்டு போத்தலின் கதைக்குச் செல்லலாம்.

பஸ்காலின் விதி

அடைத்து வைக்கப்பட்ட திரவமொன்றின் ஓரிடத்திற் செலுத்தப்படும் அமுக்கம் குறைவின்றி எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது பிரான்சு நாட்டறிஞர் பஸ்கால் கண்ட விதி. அவருடைய ஆராய்ச்சி அவர் மறைந்ததன் மறு ஆண்டாகிய 1663இல் அச்சேறியது. இவ்விதியைத் தொழிலுக்குப் பயன்படுத்தி, 1795இல் ஆங்கிலேயரான பிராமா நீரமுக்கப் பொறியை ஆக்கினார். ஒரு சிறு ஆடுதண்டைச் சிறுவிசையால் அமுக்க, பெரிய ஆடுதண்டு பெருஞ்சுமையை உயர்த்தும் விந்தை அதனாற் கைகூடிற்று.

பரீட்சைக்காக மனனஞ் செய்யப்படும் இவ்விதியிலே கொள்கலம் செய்வோர்க்குப் பயன்படும் இரு கருத்துக்கள் அடங்கியுள்ளன. முதலாவது, அமுக்கம் எத்திசையிலும் சமமாகையால், இளகிய பைபோன்ற பொருளொன்றினுள் அதனைச் செலுத்தினால், அப்பொருள் தன்னைச் சூழ்ந்த அச்சின் ஒவ்வொரு மூலையையும் சென்று தொடும். கையினால் எட்டவியலாத குழிகளையும் எழுத்துக்களையும் அமுக்கம் எட்டும். இரண்டாவது, விசையென்பது அமுக்கத்தையும் பரப்பையும் பெருக்கி வருவதாதலின், சிறிய அமுக்கமும் பெரிய பரப்பிலே பெருவிசையாகும். முதற் கருத்துத் தொழிலுக்குத் துணை. இரண்டாவது தொழிலுக்கு எச்சரிக்கை.

போத்தல் பிறக்கும் விதம்

குடிநீரும் மென்பானமும் அடைக்கப்படும் போத்தல்கள் பொலியெதிலீன் தெரெப்தலேற்று என்னும் பல்பகுதியத்தாலானவை. சுருக்கமாக இதனைப் ‘பெட்’ என்பர். 1941இல் இங்கிலாந்திலே வின்பீல்டு, டிக்சன் என்னும் இருவர் இதனைக் கண்டனர். முதலில் இது நூலாகவே நூற்கப்பட்டது. இதனைப் போத்தலாக்கும் வழியைக் கண்டு 1973இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றவர் நதானியேல் வையத்து என்னும் பொறியியலாளர்.

போத்தல் முதலிலே தடித்த சிறு குழாயாகப் பிறக்கிறது. ஆய்வுகூடத்துச் சோதனைக் குழாயை ஒத்த இதன் வாயில் மூடியைத் திருகுவதற்குரிய புரிகள் முன்பே முற்றாக அமைந்திருக்கும். இதனை ‘முன்னுரு’ எனலாம். இதன் சுவர் 3 அல்லது 4 மில்லிமீற்றர் தடிப்புடையது. இம்முன்னுருவை ஏறத்தாழ 100 பாகை செல்சியசு வரை சூடாக்கினால், அது உருகாது. ஆனால் இரப்பர்போல் நெகிழும். அந்நிலையில் அதனை அச்சினுள் வைத்து, உள்ளே ஒரு கோலைச் செலுத்தி நீளவாக்கில் இழுத்து, காற்றினால் அகலவாக்கில் ஊதுவர். இவ்வாறு ஈர்திசையிலும் இழுபட்ட பல்பகுதிய இழைகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்பதனாலேயே, ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்களவே தடித்த மெல்லிய சுவர் வியத்தகு வலிமை பெறுகின்றது.

இங்கே காற்றமுக்கம் ஒரே வீச்சிற் செலுத்தப்படுவதில்லை. முதலில் 5 முதல் 15 வளிமண்டலங்கள் வரையிலான மெல்லமுக்கம். முன்னுரு ஏறக்குறைய வடிவம் பெற்ற பின்னர் 40 வளிமண்டலங்கள் வரையிலான வல்லமுக்கம். 40 வளிமண்டலங்கள் என்பது எத்துணைப் பெரிது? இலங்கையின் மிக உயர்ந்த அணையாகிய விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர். அதன் அடியிலே நிறைநீர் தரும் அமுக்கம் ஏறத்தாழ 12 வளிமண்டலங்களே. அதனினும் மும்மடங்குக்கு மேற்பட்ட அமுக்கம், கையில் அடங்கும் சிறு போத்தலினுள்ளே ஒரு கணம் நிற்கின்றது. 20 சென்ரிமீற்றர் உயரமும் 6½ சென்ரிமீற்றர் அகலமும் உடைய போத்தலொன்றைக் கொள்வோம். அச்சின் இரு பாதிகளையும் பிரிக்க முயலும் விசை 5 தொன்னுக்கு மேற்பட்டதெனக் கணக்கிடலாம். வளர்ந்த ஆண்யானை ஒன்றின் நிறைக்கு இஃது ஈடாகும். அச்சைப் பூட்டும் பொறி அவ்விசையைத் தாங்காவிடின், அருகில் நிற்கும் தொழிலாளியின் உயிருக்கே இடர் நேரும்.

நிரப்புதலிலும் அமுக்கம்

வடிவம் பெற்ற போத்தலை நிரப்புவதும் அமுக்கத்தை ஆளும் தொழிலே. வெறும் குடிநீரைப் புவியீர்ப்பின் துணையால் நிரப்பிவிடலாம். காபனீரொட்சைட்டுக் கரைந்த பானத்தையோ அவ்வாறு நிரப்ப இயலாது. அமுக்கம் தணிந்தவுடன் கரைந்த வாயு நுரையாகப் பொங்கியெழும். ஆதலின் முதலிலே போத்தலினுள் வாயுவைச் செலுத்தி, பானம் நிற்கும் தாங்கியின் அமுக்கத்துக்கு அதனைச் சமமாக்கிய பின்னரே பானத்தை இறக்குவர். நிரம்பிய பின்னர் அமுக்கத்தை மெல்ல மெல்லத் தணிப்பர். மூடிய மென்பானப் போத்தலில் 4 வளிமண்டலங்கள் வரை அமுக்கம் நிற்கும். வெயிலில் வைத்தால் அதனினும் மிகும். தட்டையான அடித்தளம் இவ்வமுக்கத்தால் வெளியே பிதுங்கிப் போத்தல் நிற்கமாட்டாது விழும். அதனாலேயே அத்தகைய போத்தல்களுக்கு ஐந்து கால்கள் போன்ற அடித்தளம் அமைக்கப்பட்டுள்ளது. அழகுக்காக அமைந்ததென எண்ணப்படும் அவ்வடிவம் உண்மையில் அமுக்கத்துக்கு இறுக்கப்பட்ட விடையாகும்.

சூடாக நிரப்பப்படும் பழச்சாற்றின் நிலை இதற்கு மாறானது. மூடப்பட்ட பின்னர்ச் சாறு குளிர்ந்து சுருங்க, உள்ளமுக்கம் வெளியமுக்கத்திலும் குறைந்து, சுவர் உள்ளே ஒடுங்க முயலும். அவ்வொடுக்கத்தை ஏற்பதற்கென்றே அப்போத்தல்களின் பக்கங்களிற் பலகை போன்ற பள்ளங்கள் இடப்பட்டுள்ளன. ஆகவே, கடைத்தட்டிலே நிற்கும் போத்தலின் வடிவைக் கண்டே அதன் அகத்தமுக்கத்தைப் பெரும்பாலும் உய்த்துணரலாம்.

காற்றை நீக்கித் திரவத்தைப் புகுத்தல்

காற்றினால் ஊதும் முறை சிறந்ததாயினும் அதில் ஒரு வீண்செலவு உண்டு. அரை லீற்றர்ப் போத்தலொன்றை 40 வளிமண்டல அமுக்கத்தில் ஊத, சாதாரண நிலையிலுள்ள காற்று ஏறத்தாழ 20 லீற்றர் வேண்டும். அத்துணைக் காற்றையும் பெரும் சத்தி செலவிட்டு நெருக்கி, ஒரு கணம் பயன்படுத்தி, பின் அதிற் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடுவர். சிறு பகுதி மீட்கப்படினும் இழப்பு இழப்பே. மேலும், ஊதிய போத்தலைக் கழுவி, வேறொரு பொறிக்கு நகர்த்தி நிரப்ப வேண்டும். எப்படியும் உள்ளே புகவேண்டிய திரவத்தையே காற்றுக்குப் பதிலாகச் செலுத்தினால் என்ன? 2010ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட காலத்தில் அம்கோர் நிறுவனத்தின் முயற்சியால் ‘லிக்விபோம்’ எனப் பெயர் பெற்ற முறை இவ்வினாவிலிருந்தே எழுந்தது. சேர்மனி நாட்டுப் பொறி நிறுவனங்கள் சிலவும் இத்துறையிற் காப்புரிமைகள் பெற்றுள்ளன.

திரவத்துக்குச் சிறப்பான நற்குணம் ஒன்றுண்டு. காற்று நெருங்கும், நீரோ நெருங்காது. 40 வளிமண்டல அமுக்கத்திலும் அரை லீற்றர் நீர் தன் கனவளவில் ஒரு கன சென்ரிமீற்றரைக்கூட முழுமையாக இழப்பதில்லை. ஆகவே அதனுள்ளே தேங்கும் சத்தி மிகச் சிறிது. காற்று நிறைந்த கலம் வெடித்தால் துண்டுகள் பறக்கும். நீர் நிறைந்த கலம் பிளந்தால் நீர் சிந்தி அமுக்கம் உடனே வீழும். வாயுக் கொள்கலன்களை நீரை நிரப்பியே அமுக்கச் சோதனை செய்வதன் காரணமும் இதுவே.

ஆனால் நற்குணமாகிய அந்நெருங்காமையே இங்குப் பெருந்தொல்லைக்கும் வித்தாகின்றது. ஓடும் நீர் திடீரெனத் தடுக்கப்பட்டால் அதன் உந்தம் முழுவதும் அமுக்கமாக மாறி அடிக்கும். குழாய் வாயைச் சடுதியாக மூடும்போது சுவரினுள் ‘டக்’ என்ற ஓசை எழுவதைப் பலரும் கேட்டிருப்பர். இதனை ‘நீர்ச்சம்மட்டி’ என்பர். 1898இல் உருசிய அறிஞர் சுக்கோவ்சுக்கி என்பார் மொசுக்கோ நகர நீர்க்குழாய்களை ஆராய்ந்து இதன் கணக்கை நிறுவினார். விறைப்பான குழாயில் நீரின் வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவாற் சடுதியில் நின்றால், 14 வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட மிகையமுக்கம் எழும்.

இக்கணக்கைப் போத்தலுக்குப் பொருத்திக் காண்போம். அரை லீற்றர்த் திரவம் ஐந்திலொரு செக்கனில் உட்புக வேண்டும். கழுத்தின் உள்விட்டம் 22 மில்லிமீற்றர் எனின், அங்கே அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 6½ மீற்றர். பிளாத்திக்கு அச்சின் சுவரைத் தொட்ட கணத்தில் செல்லுமிடம் இன்றித் திரவம் நிற்கின்றது. ஒரே கணத்தில் நிற்பதாயின் எழக்கூடிய மிகையமுக்கம் 90 வளிமண்டலங்களையும் தாண்டும். பிளாத்திக்கின் நெகிழ்ச்சியாலும், போத்தலின் எல்லாப் பகுதிகளும் ஒருங்கே சுவரைத் தொடாமையாலும் உண்மையில் எழுவது அதனிற் குறைவே. எனினும் பொறியையும் பூட்டையும் குலுக்கிப் போத்தலையும் பழுதாக்க அஃது போதுமானது.

மெதுவும் விரைவும்

அங்ஙனமாயின் மெதுவாகச் செலுத்தலாகாதா? ஆகாது. இங்கேதான் இத்தொழிலின் முடிச்சு இருக்கிறது. காற்றைக் காட்டிலும் நீர் வெப்பத்தைப் பன்மடங்கு விரைவிற் கவரும். ஒரே கனவளவை ஒரு பாகை சூடாக்க, சாதாரண வளிமண்டலக் காற்றுக்கு வேண்டிய வெப்பத்திலும் நீருக்கு 3000 மடங்குக்கு மேல் வேண்டும். குளிர்ந்த திரவம் சூடான முன்னுருவைத் தொட்ட கணமே அதன் உட்புறம் ஆறத் தொடங்கும். ஏறத்தாழ 75 பாகைக்குக் கீழே அது நெகிழ்ச்சி இழந்து விறைக்கும். வடிவம் முற்றுமுன் விறைத்தால், போத்தல் குறைப்பிறவியாகும். மெதுவாகச் சென்றால் உறைவு; விரைவாகச் சென்றால் அடி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய வழியிலேயே தொழில் நடைபெற வேண்டும்.

அவ்வழியை வகுத்தவர்கள் அமுக்கத்தையும் ஓட்டத்தையும் நான்கு படிகளாகப் பிரித்துக்கொண்டனர் எனலாம். முதற்படியிலே கோல் முன்னுருவை நீளவாக்கில் இழுக்க, திரவம் மெல்லமுக்கத்தோடு புகுந்து உள்ளிடத்தை நிரப்புகின்றது. இரண்டாம் படியிலே மின்னோடியால் ஆளப்படும் ஆடுதண்டொன்று திரவத்தை விரைந்து தள்ள, பிளாத்திக்கு அகலவாக்கில் விரிகின்றது. இப்போது எதிர்ப்புச் சிறிதாதலின் அமுக்கமும் சிறிதே, வேகமே பெரிது. மூன்றாம் படி கடினமானது. சுவரைத் தொடுதற்குச் சற்று முன்னர் ஆடுதண்டின் வேகம் தணிக்கப்பட வேண்டும். முன்பே தணிந்தால் உறைவு நேரும். பிந்தித் தணிந்தால் சம்மட்டி அடிக்கும். அமுக்க உணரிகள் செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு அளவிலே செய்தி அனுப்ப, கணினி ஆடுதண்டை ஆள்கின்றது. வேகம் அடங்கிய பின்னரே வல்லமுக்கம் செலுத்தப்பட்டுச் சிறிது நேரம் நிறுத்தப்படுகின்றது. அப்போதுதான் மூலைகளும் எழுத்துக்களும் செவ்வனே பதியும். நான்காம் படியிலே அமுக்கம் படிப்படியாகத் தணிக்கப்படுகின்றது. சடுதியில் விட்டால் திரவம் வாய்வழியே சீறும். வாயு கரைந்த பானமாயின் நுரைத்துப் பொங்கும். இறுதியிற் கோலை வெளியே எடுக்கும்போது அதன் கனவளவுக்கு ஈடாகத் திரவமட்டம் இறங்க, மூடியின் கீழ் இருக்கவேண்டிய வெற்றிடம் தானே அமைகின்றது.

குளத்துத் துருசைத் திறப்பவர் நாட்கணக்கிற் செய்யும் வேலையை இப்பொறி கண்ணிமைப் பொழுதிற் செய்கின்றது. காலம் வேறு, நெறி ஒன்றே. முதலிற் சிறிது, பின்னர்ப் பெரிது, முடிவில் மீண்டும் சிறிது.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. முன்னுரு ஒன்று பிளந்தால் திரவம் அச்சு முழுவதும் சிந்தும். சவர்க்காரத் திரவமோ எண்ணெயோ ஆயின் துப்புரவாக்கும் வரை தொழில் நிற்கும். பாகுபோன்ற தடித்த திரவம் குழாய்களில் உராய்ந்து அமுக்கத்தை இழக்கும் அளவும் வேறுபடும். ஆதலின் ஒவ்வொரு திரவத்துக்கும் வெவ்வேறு அமுக்க ஒழுங்கு வகுக்கப்படல் வேண்டும்.

வெறுமையான பின்னர்

ஒரு செக்கனிலும் குறைந்த நேரத்தில், இத்துணை நுட்பத்தோடு ஆக்கப்பட்ட போத்தல் சில நிமிடங்களில் வெறுமையாகின்றது. அதன்பின் அது செல்லுமிடம் யாது? பெட் பிளாத்திக்கின் அடர்த்தி நீரினதைப்போல் 1.38 மடங்கு. மூடியிட்டு எறிந்த வெறும் போத்தல் காற்றைக் கொண்டிருப்பதால் மிதக்கும்; மூடியின்றி எறிந்தது நீரை மொண்டு அடியிலே தங்கும். மிதப்பதைப் பொறுக்கியெடுக்கலாம், அமிழ்ந்ததைக் காண்பதும் அரிது. கரடியனாற்று வாய்க்காலில் எறியப்பட்டது வெள்ளத்தோடு சென்று ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட மட்டக்களப்பு வாவியின் சேற்றிலே புதையக்கூடும். வாய்க்கால் வாயிலே சிக்கினால், உழவனுக்கு உரிய வேளையில் நீர் எட்டாமற் போகும். இன்னும் கொடியது, கிருமிநாசினி அடைத்த போத்தலிற் குடிநீர் மொள்ளும் வழக்கம். விவசாய இரசாயனங்களைப் பெட் போத்தல்களில் அடைப்பதை இலங்கை அரசு 2021ஆம் ஆண்டிலே தடைசெய்தமை இவ்வகையிற் பாராட்டத்தக்கது.

பஸ்காலின் விதியைக் கற்கும் மாணவன் அதனை இளநீரிலும் குளத்திலும் போத்தலிலும் ஒருங்கே காண்பானாயின், அவன் கற்ற பௌதிகம் ஏட்டோடு நில்லாது வாழ்வோடு இணையும். அமுக்கத்தை எழுப்பும் ஆற்றலை மட்டுமன்றி, அதனை எங்கே நிறுத்துவது என்னும் அறிவையும் பண்டைய குளங்கட்டியோர் பெற்றிருந்தனர். போத்தலினுள்ளே திரவத்தை அடக்கக் கற்ற இக்காலத்தவர், போத்தலையும் அவ்வாறே அடக்கியாளக் கற்பின் வாவியும் வயலும் பிழைக்கும்.